சீனாவுல ஒரு சின்ன ஊர்ல குடும்பத்தோட இருக்க முடியுமா? ஜின்ஜியாங் ஷூ வேலை ஆஃபர், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

ஆம்பூர்_ஷூக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நான் 11 வருஷமா ஷூ லைன்ல இருக்கேன், சாம்பிள் ரூம்ல ஆரம்பிச்சு இப்ப கியூசி, அதாவது தரம் பாக்கற மேனேஜர். பி.எஸ்சி முடிச்சிருக்கேன், வயசு 36. போன வாரம் ஒரு பையிங் ஆபீஸ்ல இருந்து ஆஃபர் வந்திருக்கு, சீனாவுல ஃபுஜியன் மாகாணம் ஜின்ஜியாங்னு ஒரு ஊர். மாசம் 19,000 யுவான் சம்பளம், வாடகைக்கு தனியா 2,500, ரெண்டு வருஷ காண்ட்ராக்ட். ஷாங்காய், குவாங்சோ பத்தி கேட்டா நூறு பேர் பதில் சொல்றாங்க, இந்த மாதிரி ஊர் பத்தி கேட்டா ஒருத்தரும் இல்ல, அதான் இங்க கேக்கறேன்.

வீட்டுக்காரி, 4 வயசு பொண்ணு ரெண்டு பேரையும் கூட்டிட்டு போகணும். நாங்க ஹலால் தான் சாப்பிடுவோம், அங்க என்ன கிடைக்கும்? பொண்ணை எங்க சேர்க்கறது? அம்மாவுக்கு 68 வயசு, தினம் ராத்திரி வீடியோ கால்ல பேத்தி மூஞ்சிய பாக்கலனா தூங்க மாட்டாங்க, வாட்ஸ்அப் அங்க ஓடாதுன்னு சொல்றாங்களே, என்ன பண்றது? இன்னொன்னு, ஹெச்ஆர் "முதல்ல எம் விசாவுல வந்துடுங்க, வந்தப்புறம் வொர்க் விசாவா மாத்திக்கலாம்"னு சொல்றாங்க, அது சரியா வருமா?

ஆம்பூர்லயே பொறந்து வளர்ந்தவன், வெளிநாடு இதுதான் முதல் தடவை. மனசுல ஆசையும் இருக்கு பயமும் இருக்கு.

ஃபுஜியன்_வாசி

பாய், நான் ஜின்ஜியாங்ல இது ஆறாவது வருஷம், நானும் ஷூ தான், சோல் மோல்டு பக்கம். உங்க கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். எம் விசாவுல வேலைக்கு வராதீங்க. எம் விசா வியாபாரத்துக்கு வந்து போறவங்களுக்கு, மீட்டிங் போடலாம், ஃபேக்டரி பாக்கலாம், ஆர்டர் பேசலாம், ஆனா தினம் ஆபீஸ் போய் சம்பளம் வாங்குனா அது சட்டவிரோத வேலை. பிடிச்சாங்கன்னா 5,000ல இருந்து 20,000 யுவான் வரைக்கும் ஃபைன், கேஸ் பெருசுன்னா 5 நாள்ல இருந்து 15 நாள் உள்ள வைக்கலாம், நாட்டை விட்டும் அனுப்பலாம். ஷாங்காய்ல லட்சக்கணக்குல வெளிநாட்டுக்காரங்க இருக்காங்க, இங்க ஒரு தெருவுக்கே நம்ம ஒருத்தர்தான், எல்லாருக்கும் நம்மள தெரியும். உங்க பேப்பர்ல ஓட்டை இருந்தா சின்ன ஊர்ல மறைய முடியாது, பேப்பர் சரியா இருந்தா அதே சின்ன ஊர் உங்கள நல்லா பாத்துக்கும். எனக்கு இங்க புரிஞ்ச பெரிய விஷயம் இதுதான்.

சரியான வழி என்னன்னா, கம்பெனி முதல்ல வொர்க் பெர்மிட் நோட்டிஃபிகேஷன் வாங்கி உங்களுக்கு அனுப்பணும், அதை வச்சு நீங்க இசட் விசா, அதாவது வொர்க் விசா போடணும், உள்ள வந்து 30 நாளுக்குள்ள ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணணும். டிகிரி சர்டிபிகேட் அட்டெஸ்டேஷன், போலீஸ் கிளியரன்ஸ், வேலை அனுபவ லெட்டர் இதெல்லாம் ஊர்ல இருக்கும்போதே முடிங்க. அதோட உங்க மேரேஜ் சர்டிபிகேட், பொண்ணோட பர்த் சர்டிபிகேட் ரெண்டையும் சேர்த்தே அட்டெஸ்ட் பண்ணிடுங்க, குடும்பத்துக்கு எஸ்1 விசா எடுக்க அது வேணும். நான் இதை விட்டுட்டு வந்து, ஒய்ஃப் வர ஏழு மாசம் தள்ளிப் போச்சு. எஸ்1ல வர்றவங்க வேலை பாக்கக் கூடாது, அதையும் வீட்டுல சொல்லி வைங்க.

வந்து இறங்குன 24 மணி நேரத்துக்குள்ள ஏரியா போலீஸ் ஸ்டேஷன்ல தங்குற இடத்தை பதியணும், இங்க பாய்ச்சூசுவோன்னு சொல்வாங்க. ஹோட்டல்ல இருந்தா அவங்களே பண்ணிடுவாங்க, வாடகை வீடுன்னா ஓனரோட நீங்கதான் போகணும். விட்டுட்டா 2,000 யுவான் வரைக்கும் ஃபைன் போடலாம். வீடு மாறினாலும் மறுபடி பதியணும், ஊருக்கு போய்ட்டு திரும்பி வந்தாலும் எங்க ஸ்டேஷன்ல மறுபடி பதிய சொல்றாங்க. நான் முதல் தடவை போனப்ப டியூட்டில இருந்த சின்ன பையன் வெளிநாட்டுக்காரன பதிஞ்சதே இல்ல போல, கம்ப்யூட்டர்ல எந்த பேஜ்னு தேடி, மேலதிகாரிக்கு போன் போட்டு, நடுவுல எனக்கு ஒரு பேப்பர் கப்புல சுடுதண்ணி குடுத்து, ஒன்றரை மணி நேரம் ஆச்சு. கோபப்படாம உக்காந்திருந்தேன். அதுக்கப்புறம் எப்ப போனாலும் அந்த பையன்தான் எழுந்து வந்து முடிச்சு தருவான்.

வீடு 2,500க்கு ரெண்டு பெட்ரூம் தாராளமா கிடைக்கும், நான் 2,200 குடுக்கறேன், லிஃப்ட் இருக்கு. யா யீ ஃபூ சான்னு சொல்வாங்க, ஒரு மாச அட்வான்ஸ், மூணு மாச வாடகை முன்பணம், அதனால முதல் நாளே நாலு மாச பணம் கையில இருக்கணும், கம்பெனிகிட்ட முன்னாடியே கேட்டு வாங்கிக்கோங்க.

ஹலால் விஷயத்துல நீங்க பயப்படற அளவுக்கு இல்ல. லான்சோ நூடுல்ஸ் கடைன்னு எந்த ஊர்லயும் இருக்கும், பெரும்பாலும் சிங்ஹாய், கான்சு பக்கத்துல இருந்து வந்த முஸ்லிம் குடும்பங்க நடத்துறது, போர்டுல சிங்ஜென்னு எழுதியிருக்கும், அந்த ரெண்டு எழுத்தை போன்ல படமா வச்சுக்கோங்க. மாவை கையாலயே இழுத்து இழுத்து நூடுல்ஸ் ஆக்குவாங்க, மாட்டுக்கறி சூப். கறியும் அவங்ககிட்டயே கேட்டா எங்க வாங்கறதுன்னு சொல்லிடுவாங்க. ஆனா மத்த கடைகள்ல கத்தரிக்காய், பீன்ஸ்லாம் கூட பன்னிக் கொழுப்புல வதக்குவாங்க, காய்தானேன்னு நம்பி ஆர்டர் பண்ணிடாதீங்க.

இன்னொன்னு, இது உங்களுக்கு பிடிக்கும். பக்கத்துல சுவான்சோ நகரம், அங்க சிங்ஜிங் மசூதி இருக்கு, 1009ல கட்டினது. கடல் வியாபாரத்துக்கு வந்த அரபுக்காரங்க வழியில வந்த டிங் குடும்பங்கள்தான் ஜின்ஜியாங்ல சென்தாய் பகுதி முழுக்க. இன்னைக்கு அன்டா, எக்ஸ்டெப், 361 டிகிரி மூணு ஷூ கம்பெனியையும் தொடங்குனவங்க பேரு பாத்தீங்கன்னா எல்லாம் டிங் தான். சுவான்சோவுல கண்டெடுத்த 1281ம் வருஷத்து தமிழ் கல்வெட்டு ஒன்னு இருக்கு, சம்பந்தப் பெருமாள்னு ஒருத்தர் சிவன் கோயில் எழுப்புனத தமிழ்லயும் கடைசில சீன எழுத்துலயும் வெட்டியிருக்காங்க. நான் வந்த மூணாவது மாசம், ஒரு வாரமா யார்கூடயும் தமிழ் பேசாம இருந்தப்ப, தனியா போய் அந்த கல்லு முன்னாடி நின்னு எழுத்துக்கூட்டி படிச்சேன், பழைய எழுத்து பாதி புரியல, ஆனா கண்ணு கலங்கிடுச்சு. ஜின்ஜியாங் பக்கம் சிதியன்ல நாலு கை வச்ச நம்ம ஊர் அம்மன் சிலை ஒன்ன அந்த ஜனங்க அவங்க புத்த மத தெய்வம் குவான்யின்னு நினைச்சு இன்னைக்கும் ஊதுபத்தி ஏத்தி கும்பிடறாங்க.

வெயில் நம்ம ஊருக்கு பக்கத்துல வரும். குளிர்காலம் ரொம்ப கடுமை இல்ல, ஆனா தெற்கு சீனாவுல வடக்கு மாதிரி சென்ட்ரல் ஹீட்டிங் கிடையாது, அதனால ஜனவரில வீட்டுக்குள்ளயே ஜாக்கெட் போட்டுதான் இருப்போம். புயல் வரும். 2023 ஜூலை 28 டோக்சூரி ஜின்ஜியாங் கரையிலதான் அடிச்சுது, முந்தின நாளே கீழ் வீட்டு பெரியவர் வந்து எங்க ஜன்னல் கண்ணாடிக்கு டேப் ஒட்டிக் குடுத்துட்டு, குளியலறை பக்கெட் எல்லாத்துலயும் தண்ணி பிடிச்சு வைக்க சொல்லிட்டு போனார். அவர் பேசறது மின்னான் மொழி, எனக்கு அதுல ஒரு வார்த்தை தெரியாது, எல்லாம் கை ஜாடைதான்.

திரும்பி_வந்தவன்

மேல சொன்னவர் எம் விசா பத்தி சொன்னது நூத்துக்கு நூறு உண்மை, நான் அனுபவிச்சவன். 2018ல ஜெஜியாங் மாகாணத்துல ஒரு சின்ன ஊர்ல டெக்ஸ்டைல் கம்பெனி, பேர் வேணாம், இதே வார்த்தைதான் சொன்னாங்க, வந்தப்புறம் மாத்திக்கலாம்னு. நாலு மாசம் மாத்தவே இல்ல, கேட்டா அடுத்த மாசம் அடுத்த மாசம்னு. ஒரு நாள் போலீஸ் ஃபேக்டரிக்கு செக்கிங் வந்தாங்க, என் டேபிள்ல என் பேர் போட்ட ஐடி கார்டு, பஞ்ச் ரெக்கார்டு எல்லாம் இருக்கு, என்ன சொல்ல முடியும்? என்னை மரியாதையாதான் நடத்துனாங்க, மொழிபெயர்க்க ஆள் வச்சாங்க, ஆனா 5,000 யுவான் ஃபைன் கட்டி பத்து நாள்ல கிளம்ப வேண்டியதாச்சு. கடைசி ஒன்றரை மாச சம்பளம் வரவே இல்ல. காண்ட்ராக்ட்டே சட்டப்படி இல்லன்னா யார்கிட்ட போய் கேக்கறது?

ஆஃபர் லெட்டர்ல எந்த கம்பெனி பேர் இருக்கோ அதே கம்பெனிதான் வொர்க் பெர்மிட் எடுக்கணும், வேலை பாக்கற இடமும் அதுவா இருக்கணும். ஹாங்காங் கம்பெனி பேர்ல லெட்டர், வேலை ஜின்ஜியாங்லன்னு குடுத்தாங்கன்னா கேள்வி கேளுங்க. சம்பளம் 19,000ங்கறது வரி பிடிக்கிறதுக்கு முன்னாடியா பின்னாடியான்னும் எழுத்துல வாங்குங்க. வருஷத்துக்கு 60,000 யுவான் கழிச்சு மீதிக்கு 3 சதவீதத்துல இருந்து ஸ்லாப் ஏறும், அதுக்கு மேல சோஷியல் இன்சூரன்ஸ் உங்க பங்கு தனியா பிடிப்பாங்க. அந்த பென்ஷன் அக்கவுண்ட்ல உங்க பங்கா சேர்ந்த பணத்தை ஒரேயடியா ஊருக்கு திரும்பும்போது எழுதிக் குடுத்து வாங்கலாம், பல பேர் தெரியாம விட்டுட்டு வர்றாங்க.

எனக்கு அந்த ஊர் மேல கோபம் இல்ல, நல்ல ஜனங்க. சரியான விசாவுல போயிருந்தா இன்னும் அங்கதான் இருந்திருப்பேன்.

புதியன்_அம்மா

அண்ணா, நான் உங்க வீட்டுல அண்ணி கேக்க வேண்டியத சொல்றேன். நாங்க புதியன்ல இருக்கோம், அதுவும் ஃபுஜியன்தான், அதுவும் ஷூ ஊர்தான், மூணு வருஷம் ஆச்சு, என் பையனுக்கு இப்ப ஆறு வயசு.

முதல் அஞ்சு மாசம் ரொம்ப கஷ்டம், அத மறைக்க விரும்பல. அவர் காலைல எட்டு மணிக்கு போனா ராத்திரி எட்டு மணிக்குதான் வருவார், ஷிப்மென்ட் நேரத்துல பத்து. ஊர்ல ஒரு தமிழ் குடும்பம் கிடையாது. கடைக்கு போனா எல்லாரும் திரும்பி பாப்பாங்க, குழந்தைய தொட்டு பாப்பாங்க, கேக்காமலே போட்டோ எடுப்பாங்க, கெட்ட எண்ணம் இல்லன்னு புத்திக்கு தெரியும் ஆனா தினமும்னா தாங்கல. ஒரு நாள் உப்புன்னு நினைச்சு எம்எஸ்ஜி, நம்ம அஜினமோட்டோ பாக்கெட் வாங்கிட்டு வந்து குழம்பு முழுக்க கொட்டிட்டேன், அதுக்கு உக்காந்து அழுதேன், அழுதது குழம்புக்காக இல்ல.

அதுக்கப்புறம் என்ன மாறுச்சுன்னா, எதிர் வீட்டு ஆயி. அம்மா வயசு பெண்கள இங்க ஆயின்னுதான் கூப்பிடுவாங்க. அவங்க ஒரு பை நிறைய பீபா பழம் கொண்டு வந்து கதவைத் தட்டுனாங்க, ஆரஞ்சு கலர்ல சின்னதா இருக்கும், புதியன்ல ரொம்ப பிரசித்தம். தோலை எப்படி உரிக்கணும்னு வாசல்ல நின்னுட்டே காட்டிக் குடுத்தாங்க, காம்பு பக்கம் இல்ல, அடிப்பக்கத்துல இருந்து. நான் மறுநாள் பருப்பு வடை குடுத்தேன். அன்னைக்கு சாயங்காலம் என்னை பார்க்குக்கு இழுத்துட்டு போய் டான்ஸ் ஆடற பொம்பளைங்க நடுவுல நிறுத்திட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் வாரத்துல மூணு நாள் போறேன். எனக்கு வர்ற சீன மொழியெல்லாம் அங்க கத்துக்கிட்டதுதான். அதனால அண்ணிய வர்றதுக்கு முன்னாடியே ஆப்ல தினம் அரை மணி நேரம் கத்துக்க சொல்லுங்க, நம்பர், காய்கறி பேர், வோ பூ ச்சு ஜூரோவ், அதாவது நான் பன்னிக்கறி சாப்பிட மாட்டேன், இது மட்டும் தெரிஞ்சாலே தைரியம் வரும்.

பொண்ணுக்கு ஜின்ஜியாங்ல இன்டர்நேஷனல் ஸ்கூல் தேடி அலையாதீங்க, வேணும்னா சியாமென் நகரத்துக்கு போகணும். 4 வயசுக்கு பக்கத்துல இருக்கற யோவ்அர்யுவான்லயே சேருங்க, நம்ம கிண்டர்கார்டன்தான். கேட்ல தினம் காலைல கை, வாய் பாத்துட்டுதான் உள்ள விடுவாங்க, மதியம் எல்லா பிள்ளைங்களும் சின்ன கட்டில்ல தூங்கணும், போர்வை நம்ம குடுத்து விடணும். என் பையன் ரெண்டு மாசம் வாயே திறக்கல, டீச்சர் பயந்துட்டாங்க, மூணாவது மாசம் சண்டை போடும்போது முழு வாக்கியமா சீனத்துல கத்தியிருக்கான், டீச்சர் சந்தோஷமா வீடியோ அனுப்புனாங்க. இப்ப காய்கறி மார்க்கெட்ல எனக்கு பேரம் பேசறது அவன்தான். உங்களுக்கு சாப்பாடுதான் யோசிக்கணும், ஸ்கூல்லயே மதிய சாப்பாடு போடுவாங்க, பன்னிக்கறி இல்லாம இருக்காது. டப்பா குடுத்து விட சம்மதிக்கறாங்களான்னு சேர்க்கறதுக்கு முன்னாடியே நேர்ல கேளுங்க, எழுதி வாங்குங்க. எங்க ஸ்கூல்ல ஒரு ஹுய், அதாவது சீன முஸ்லிம் பொண்ணு இருக்கா, அவளுக்கு தனி டப்பாவுக்கு ஒத்துக்கிட்டாங்க, அதனால கேட்டா நடக்கும்.

லூஜோ_டாக்டர்

நான் சிச்சுவான்ல லூஜோவுல எம்பிபிஎஸ் படிச்சேன், இப்ப ஊர்ல இருக்கேன். ஆஸ்பத்திரி பத்தி யாரும் சொல்லல, அதனால அது மட்டும். குழந்தையோட போறீங்க, போன முதல் வாரமே பக்கத்துல சான்ஜியா கிரேடு, அதாவது உயர்ந்த தர ஆஸ்பத்திரி எதுன்னு பாத்து, ஒரு தடவை சும்மாவாவது போய் வழி பாத்துட்டு வாங்க. முதல்ல குவாஹாவ், அதாவது ரிஜிஸ்ட்ரேஷன், அதுக்கு பாஸ்போர்ட் வேணும், அப்புறம் டாக்டர், அப்புறம் டெஸ்டுக்கு பணம் கட்டி ரசீதோட டெஸ்ட், ரிசல்ட் எடுத்துட்டு திரும்பவும் அதே டாக்டர். பெரும்பாலும் அன்னைக்கே முடிஞ்சிடும், ஆனா டாக்டர் ரூம்ல உங்களோட இன்னும் நாலு பேர் நிப்பாங்க, அது அங்க சகஜம். பொண்ணுக்கு என்ன அலர்ஜி, என்ன மருந்து குடுக்கறீங்க, தடுப்பூசி என்னென்ன போட்டீங்க இத ஜெனரிக் பேரோட சீனத்துல ஒரு பக்கம் மொழிபெயர்த்து லேமினேட் பண்ணி வச்சுக்கோங்க. நான் இன்டர்ன்ஷிப்ல இருந்தப்ப ஒரு பாகிஸ்தான் குடும்பம் அப்படி கொண்டு வந்தாங்க, பத்து நிமிஷத்துல வைத்தியம் ஆரம்பிச்சாச்சு. ஆம்புலன்ஸ் 120, போலீஸ் 110. விசா சந்தேகத்துக்கு 12367, இங்கிலீஷ்ல பேசலாம்.

ஆம்பூர்_ஷூக்காரன்

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. வீட்டுக்காரிக்கு புதியன் தங்கச்சி எழுதினத படிச்சு காட்டினேன், ரெண்டு தடவை படிக்க சொன்னா. ரெண்டு விஷயம் மட்டும் இன்னும் கேக்கணும். அம்மாகிட்ட வீடியோ கால் எப்படி? அப்புறம் என் பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கு, முழு பேரும் கிவன் நேம்லதான், அது பிரச்சனையா?

ஃபுஜியன்_வாசி

பாய், பேர் விஷயம் நல்ல வேளை கேட்டீங்க, நம்ம தமிழாளுங்க நிறைய பேர் மாட்டறது இதுலதான். என் பேரும் அப்படித்தான். இங்க பேங்க், சிம் கார்டு, வீசாட் (மெசேஜும் பணமும் ஒரே ஆப்ல), அலிபே (பணம் கட்டற ஆப்), டிரெயின் டிக்கெட் ஆப் எல்லாம் பேரையும் பாஸ்போர்ட் நம்பரையும் ஒன்னோட ஒன்னு மேட்ச் பண்ணிதான் வேலை செய்யும், ஒரு ஸ்பேஸ் மாறினாலும் போச்சு. எனக்கு பேங்க்ல அந்த பொண்ணு ரெண்டு வார்த்தைய சேர்த்து ஒரே வார்த்தையா டைப் பண்ணிட்டாங்க, சிம்ல தனித்தனியா இருக்கு, வீசாட்ல கார்டு சேரவே இல்ல, மூணு தடவை லீவு போட்டு போய் திருத்தினேன். அதனால சிம் வாங்கற இடத்துலயே பாஸ்போர்ட் போட்டோ பக்கத்துல கீழ இருக்கற << குறி போட்ட வரிய காட்டி, எழுத்துக்கு எழுத்து எப்படி டைப் பண்ணியிருக்காங்கன்னு ஸ்கிரீனை போட்டோ எடுத்துக்கோங்க. அடுத்து பேங்க்ல அந்த போட்டோவ காட்டி அதே மாதிரி டைப் பண்ண சொல்லுங்க. நேரம் இருந்தா ஊர்லயே பாஸ்போர்ட்ட சர்நேம் பிரிச்சு புதுசா எடுத்துட்டு, அதுக்கப்புறம் மத்த பேப்பர்லாம் போடுங்க, இன்னும் நல்லது.

பேங்க் அக்கவுண்ட் ஆகற வரைக்கும் நம்ம இன்டர்நேஷனல் கார்டை அலிபேல சேர்த்து ஓட்டலாம், 200 யுவான் வரைக்கும் எக்ஸ்ட்ரா சார்ஜ் இல்ல, அதுக்கு மேல 3 சதவீதம். சம்பளம் ஊருக்கு அனுப்ப வரி கட்டுன ரசீது, காண்ட்ராக்ட், பெர்மிட் எல்லாம் பேங்க்ல கேப்பாங்க, மாசா மாசம் ஃபைல் பண்ணி வைங்க.

அம்மா விஷயம். வாட்ஸ்அப் இங்க தடை, வீசாட் 2020 ஜூன்ல இருந்து இந்தியாவுல தடை, ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கு. நான் பண்றது, ஊர் சிம்மை இன்டர்நேஷனல் ரோமிங்கோட வச்சிருக்கேன், ரோமிங் டேட்டா நம்ம ஊர் நெட்வொர்க் வழியா போறதால வாட்ஸ்அப் ஓடும், காசு கொஞ்சம் ஆகும், அதனால அம்மாவுக்குன்னு தினம் பத்து நிமிஷம். நீளமா பேசணும்னா மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆப், அது சாதா வைஃபைலயே எனக்கு பெரும்பாலும் ஓடுது. கிளம்பறதுக்கு முன்னாடி அம்மா போன்ல டீம்ஸ் போட்டு, பக்கத்து ரூம்ல இருந்து ஒரு வாரம் தினம் கால் பண்ணி பழக்கி விடுங்க. இங்க இருந்துட்டு போன்ல அத சொல்லிக் குடுக்கறது ரொம்ப கஷ்டம், எங்க அப்பாவுக்கு கத்துக்குடுக்க ஒரு மாசம் ஆச்சு.

அவசரத்துக்கு ஊர் வர்றதும் முன்னாடி மாதிரி இல்ல, அஞ்சு வருஷம் டைரக்ட் ஃபிளைட்டே இல்லாம சிங்கப்பூர், கோலாலம்பூர் சுத்தி வந்துட்டு இருந்தோம், 2025 அக்டோபர்ல இருந்து இண்டிகோ கொல்கத்தா குவாங்சோ திரும்ப விட்டுட்டாங்க.

ஆம்பூர்_ஷூக்காரன்

ஹெச்ஆர்கிட்ட இன்னைக்கு காலைல பேசிட்டேன். இசட் விசா இல்லாம வர மாட்டேன்னு சொன்னதும் ஒரு நாள் டைம் கேட்டாங்க, சாயங்காலமே மெயில் வந்துடுச்சு, வொர்க் பெர்மிட் அவங்களே அப்ளை பண்றாங்களாம், ரெண்டு மாசம் தள்ளிப் போகும்னாங்க, பரவால்லன்னுட்டேன். நாளைக்கு போலீஸ் கிளியரன்ஸ் போடறேன், பாஸ்போர்ட் சர்நேமும் சேர்த்து. அம்மா போன்ல டீம்ஸ் போட்டாச்சு, பேத்தி மாடியில இருந்து கால் பண்ணிட்டே இருக்கா.

புதியன்_அம்மா

ரொம்ப சந்தோஷம் அண்ணா. மிக்ஸி, சின்ன பிரஷர் குக்கர் கண்டிப்பா எடுத்துட்டு வாங்க, இங்க 220 வோல்ட்தான், ஓடும், ஆனா நம்ம மூணு பின் பிளக் இங்க சொருகாது, நல்ல அடாப்டர் ரெண்டு மூணு வாங்கிக்கோங்க. உளுந்து முதல் நாலு மாசத்துக்கு ஆகற மாதிரி. அண்ணிய ஜின்ஜியாங் வந்ததும் எனக்கு மெசேஜ் பண்ண சொல்லுங்க, புதியன்ல இருந்து டிரெயின் பக்கம்தான், ஒரு சனிக்கிழமை நானே வந்து மார்க்கெட் காட்டறேன்.